பழைய டிராக்டர் வாங்கினால் முதல் நாள் சாவியைத் தொடாதீர்கள் | கப் கேடட் 100

வணக்கம் நண்பர்களே. போன வாரம் வண்டியை டிரெய்லரில் இருந்து இறக்குவதோடு வீடியோவை முடித்திருந்தேன். கமெண்டில் பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீர்கள்: "ஸ்டார்ட் ஆகுதா?" இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை. ஏன் செய்யவில்லை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு அறிமுகம். இது கப் கேடட் 100. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1963 முதல் 1965 வரை செய்த தோட்ட டிராக்டர். வயல் டிராக்டர் இல்லை. வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு ஏக்கர் இருப்பவர்கள் புல் வெட்ட, பனி தள்ள, சின்னக் கலப்பை இழுக்க வாங்கியது. நான் இருக்கும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பழைய வீடுகளின் ஷெட்டைத் திறந்தால் இந்த மாதிரி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதே கம்பெனியில் இருந்து ஃபார்மால் கப் என்று 1947-ல் ஒரு சின்ன வயல் டிராக்டர் வந்தது. அதன் பின்பக்க கியர் அமைப்பை எடுத்துத்தான் 1960-ல் முதல் கப் கேடட்டைச் செய்தார்கள். அதனால்தான் இதில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் பெல்ட் கிடையாது, நேராக ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. அறுபது வருஷம் கழித்தும் இவை உயிரோடு இருக்க அதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எஞ்சின் கோலர் கே-241. பத்துக் குதிரைத் திறன், ஒரே சிலிண்டர், சுமார் 390 சிசி. நம் ஊர் புல்லட் 350-ஐ விடக் கொஞ்சம் பெரியது. கோலர் என்ற பெயரைக் குளியலறைக் குழாயில் பார்த்திருப்பீர்கள். அதே கம்பெனி செய்த எஞ்சின்தான் இது. மில்வாக்கியில் இருந்து வடக்கே ஒரு மணி நேரம் போனால் கோலர் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

இதை ஒரு பாட்டியிடம் வாங்கினேன். அவர் கணவர் புதிதாக வாங்கி, கடைசி வரை அவரே பார்த்துக்கொண்ட வண்டி. பானட்டைத் தூக்குகிறேன், உள்பக்கம் பாருங்கள். பென்சிலில் எழுதியிருப்பது தெரிகிறதா? ஆயில் மாற்றிய தேதிகள். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே கையெழுத்து. கடைசித் தேதி 2009. அதற்கப்புறம் யாரும் எழுதவில்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது அந்த ஆயில்தான். இந்தக் கையெழுத்தின் மேல் பெயின்ட் அடிக்க மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, ஏன் ஸ்டார்ட் செய்யவில்லை? இதற்கு முன் நான் வாங்கிய முதல் டிராக்டரை, கொண்டு வந்த அன்றே பேட்டரி மாட்டி ஓட்டினேன். அழகாக ஓடியது. இருபது நிமிஷம் புல் வெட்டினேன். அப்புறம் சத்தம் மாறியது, திடீரென்று நின்றது, கையால் திருப்பினாலும் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் மேல் தகரத்துக்கு அடியில் எலிக்கூடு. நல்ல எஞ்சின் ஒன்று என் அவசரத்தால் போனது. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

வாங்க, இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இது காற்றால் குளிரும் எஞ்சின். எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் இருக்கும் விசிறி இழுக்கும் காற்று இந்தத் தகர உறைக்குள் ஓடி, சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக நிற்கும் துடுப்புகள் வழியே வெளியே போக வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். உறையின் போல்ட்டுகளைக் கழற்றி... ம்ம், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இதோ. சீட்டில் இருந்து பிய்த்த பஞ்சு, காய்ந்த புல், சோளத் தோல். சிலிண்டர் ஹெட்டின் ஒரு பக்கம் முழுக்க அடைத்திருக்கிறது. துடுப்புகளுக்கு நடுவே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், எலி எச்சத்தின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் ஈரமாக்கி எடுங்கள். இறுகிய மண்ணை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இதைத் தவிர்க்க வழியே இல்லை.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிலில் முங்கி, அள்ளித் தெளிக்கும். அந்தத் தெளிப்பில்தான் எல்லாமே நனைகிறது. ராட் அலுமினியம். கிராங்க் ஷாஃப்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் தனி பேரிங் இல்லை. ஆயில் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. எட்டாவிட்டால் ராட் உடையும், உடைந்த துண்டு வார்ப்பு இரும்பையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். செங்குத்தான சரிவில் நீண்ட நேரம் ஓட்டினாலும் இதே கதைதான். பழையதை வடித்தேன். கறுப்பு, ஆனால் உலோகத் தூள் மின்னவில்லை. நல்ல அறிகுறி. எஸ்ஏஈ 30 என்ற வகை ஆயில் ஊற்றியிருக்கிறேன். வேலை செய்யும் நாளில் காலையில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

கியர் பாக்ஸைத் திறந்தபோதுதான் வருத்தமாக இருந்தது. வடித்தால் பால் ஊற்றிய காபி மாதிரி வந்தது. கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறது, மழைத் தண்ணீர் அது வழியாக இறங்கியிருக்கிறது. ஷெட்டுக்கு வெளியே நிறுத்திய பழைய வண்டிகளில் இது சாதாரணம். மூன்று முறை வடித்து நிரப்பினால்தான் நிறம் தெளியும். இதற்கு ஹை-டிரான் என்ற எண்ணெய்தான், ஏழு பைன்ட், அதாவது மூன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. புது ரப்பர் சில டாலர்தான். முதலில் அதை மாற்றுங்கள், இல்லையென்றால் ஊற்றியது எல்லாம் வீண்.

பெட்ரோல் டேங்க்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. டேங்க்கைக் கழற்றி, உள்ளே வினிகரும் ஒரு கை நட்டுகளும் போட்டு ஒரு நாள் முழுக்க அவ்வப்போது குலுக்கினேன், துரு இறங்கிவிட்டது. ரப்பர் குழாயைப் புதிதாக மாற்றினேன். இங்கே பம்ப்பில் வருவது பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தை இழுக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் விலை பார்க்காமல் அதையே ஊற்றுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சிபி பாயிண்ட், அதாவது ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்யும் சின்ன சுவிட்ச். அப்பாவின் பழைய ஸ்கூட்டருக்கு பாயிண்ட் செட் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்கூட்டரில் ஃப்ளைவீலின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கோலரில் அந்தக் கஷ்டமே இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அதைக் கழற்றினால் பாயிண்ட் கண் முன்னே இருக்கும். உள்ளே கேம் ஷாஃப்டில் இருந்து பென்சில் மாதிரி ஒரு கம்பி வந்து அதைத் தள்ளும். அவ்வளவுதான் அமைப்பு.

இரண்டு முனையையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பதினைந்து வருஷம் சும்மா நின்றால் இப்படித்தான் ஆகும். இந்தப் படலம் இருந்தால் கரன்ட் பாயாது, ஸ்பார்க் வராது. நிறைய பேர் இந்த இடத்தில் ஸ்பார்க்குக்கான காயில், கண்டென்சர், பிளக் எல்லாம் வாங்கிக் குவிப்பார்கள். முதலில் பாயிண்ட் ஃபைல் என்ற சின்ன அரத்தால் இரண்டே இழு, அப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நடுவில் வைத்து இழுத்தால் அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை இழுங்கள். ஒரே செலவு ஓர் அட்டை.

இப்போது இடைவெளி. முழுதாகத் திறந்த நிலையில் 0.020 அங்குலம், நம் கணக்கில் அரை மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், டெஸ்ட் லேம்ப் வைத்து டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் லேசாகத் திரும்பும். லேம்பின் ஒரு முனை பாயிண்ட் ஒயரில், இன்னொன்று எஞ்சின் உடம்பில். சாவியை ஆன் செய்கிறேன். பாயிண்ட் மூடியிருக்கிறது, அதனால் லேம்ப் எரியவில்லை. புல்லியைக் கையால் மெதுவாகத் திருப்புகிறேன்... மெதுவாக... இந்தச் சின்ன ஜன்னலில் ஃப்ளைவீலைக் கவனியுங்கள், "எஸ்" என்று ஓர் எழுத்து வருகிறது. லேம்ப் எரிந்துவிட்டது! ஆனால் எழுத்து இன்னும் நடுவுக்கு வரவில்லை, பார்த்தீர்களா? பாயிண்ட் சீக்கிரமாகத் திறக்கிறது. இடைவெளியை ஒரு முடி அளவு குறைக்கிறேன். மறுபடி. வருகிறது... வருகிறது... எழுத்தும் லேம்பும் ஒன்றாக. இதுதான் சரி. "எஸ்" என்பது ஸ்பார்க், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால். அதைத் தாண்டினால் "டி", அது உச்சி. ஆன் செய்த சாவியை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், பாயிண்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் சூடேறிவிடும்.

ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் பற்றி இரண்டே வார்த்தை. இதில் ஸ்டார்ட் செய்வதும் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் ஒரே உருளைதான், பெல்ட்டில் ஓடுகிறது. அதனால் பெல்ட் தளர்ந்தால் இரண்டுமே போச்சு. பேட்டரி ஒயர்களைக் கழற்றி வேலை பார்த்திருந்தால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு ஒயரால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஜெனரேட்டரின் காந்தத் திசையைச் சரி செய்ய அது வேண்டும்.

சரி. பிளக் மாட்டியாச்சு, கியர் நியூட்ரல், சோக் இழுத்தாச்சு. பின்கதவு திறந்திருக்கிறது, புகை வெளியே போகட்டும்.

முதல் தடவை... இல்லை. இரண்டாவது... பிடித்தது! கேட்கிறதா? ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது, டக், டக், டக். நீலம் கலந்த வெள்ளைப் புகை கொஞ்சம் வரும், நான் சிலிண்டரில் விட்டிருந்த ஆயில் எரிகிறது. சோக்கைத் தள்ளுகிறேன். கொஞ்சம் இழுபறி. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் மேல் இருக்கும் திருகுதான் பெட்ரோல் அளவை மாற்றும் மெயின் திருகு. சத்தம் தடுமாறும் வரை உள்ளே, மறுபடி தடுமாறும் வரை வெளியே, இரண்டுக்கும் நடுவில் வைக்கிறேன். எஞ்சின் சூடானதும் இன்னொரு தடவை செய்ய வேண்டும், குளிரில் வைத்த அளவு நிற்காது. துடுப்புப் பக்கம் கையைக் காட்டுகிறேன். சூடான காற்று நன்றாக வெளியே வருகிறது. முதல் வண்டியில் இந்தக் காற்றை நான் சோதித்ததே இல்லை.

பத்து நிமிஷம் போதும். சாவியால் அணைக்கவில்லை. டேங்க் அடியில் இருக்கும் வால்வை மூடிவிட்டேன், கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். அப்போதுதான் உள்ளே பெட்ரோல் தங்கிப் பிசின் ஆகாது.

நின்றுவிட்டது. ஒரு நிமிஷம், பென்சில் எடுத்து வருகிறேன். அவர் எழுதிய வரிசைக்குக் கீழே இன்றைய தேதி, எஸ்ஏஈ 30. அடுத்த வீடியோவில் முன் ஆக்சிலின் நடு பின்னைப் பார்க்கலாம், ஓட்டை தேய்ந்து சக்கரங்கள் ஆடுகின்றன.