காவலும் களவும்

வணக்கம் நேயர்களே. ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்கா மாதம் பிறந்தால் வாசலுக்கு வருவார். ஐம்பதோ நூறோ கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் நம் வண்டி காணாமல் போகும் என்றால் அது கூலியா, கப்பமா? இந்தக் கேள்வியோடு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்பாண்டிச் சீமைக்குப் போவோம்.

அங்கே பாளையக்காரரிடம் ஆயுதமேந்திய ஆட்களும் இருந்தார்கள், காவல் உரிமையும் இருந்தது. ஒரு ஊருக்குள் பார்ப்பது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பார்ப்பது தேசகாவல். அறுவடையில், களத்து மேட்டிலேயே காவல்காரர் பங்கை அளந்துவிடுவார்கள். களவு போனால் அவர் தடம் பிடித்து மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் கைப்பொருளிலிருந்து ஈடு தரவேண்டும். அதுதான் ஒப்பந்தம். ஆனால் போகப்போக, பல இடங்களில் ஈடு பேச்சோடு நின்றது, வசூல் மட்டும் ஏறியது.

இங்கேதான் துப்புக்கூலி வருகிறது, அதாவது களவுபோனது எங்கே என்று துப்புச் சொல்ல வாங்கும் பணம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உழவுமாடு ராத்திரியில் காணாமல் போகிறது. மறுநாள் ஒருவர் வந்து, "விசாரித்துப் பார்க்கலாம்" என்கிறார். மாட்டின் விலையில் பாதிவரைகூடப் பேரம் போகும். பணம் கைமாறியதும், "இன்ன ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கிறது, போய்ப் பாருங்கள்" என்பார். போனால் மாடு நிற்கும்! திருடியவரை யாரும் பார்த்ததில்லை. உழவு நேரத்தில் மாடில்லாமல் குடியானவர் எத்தனை நாள் தாங்குவார்? காவல் கூலி கொடுத்த ஊரில் இந்தத் தொல்லை குறைவு. காத்த கையும் கவர்ந்த கையும் ஒன்றே என்று ஊருக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது.

1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன. தேசகாவல் வசூலைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வசூலை எடுத்ததே தவிர, ராத்திரியில் ஊர் சுற்றப் போதிய ஆள் போடவில்லை. இதை மறுபடியும் சொல்கிறேன்: கூலியை எடுத்தார்கள், காவலைக் கொடுக்கவில்லை. அதனால் பழைய காவலும் துப்புக்கூலியும் இன்னும் நூறாண்டு தொடர்ந்தன.

நேரம் நெருங்குகிறது, சுருக்கிக்கொள்கிறேன். 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. அடுத்து, 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். காவலே தொழிலாக இருந்த மக்களையும் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிந்தார்கள்; பெரும் அநீதி அது. அந்தப் பதிவுக்குக் கைரேகை வைக்க மறுத்த, மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 ஆயிற்று. வணக்கம்.