ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஓடுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடியில் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலோரம் உட்கார முடியாது. அப்படி ஒரு காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் ராவும் பகலும் சுற்றும். அந்த மின்சாரம் முழுவதையும் கிரிட், அதாவது ஊர் ஊராகக் கரண்ட் கொண்டுபோகிற மின்கட்டமைப்பு, ஏற்றுக்கொள்ள முடியாமல் சில நேரம் காற்றாலையை நிறுத்தியும் வைக்கிறார்கள். "அதில் ஹைட்ரஜன் தயாரித்து நம்ம வண்டிகளை ஓட்டலாமே சார்?" என்று என் பாலிடெக்னிக் மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓட்டலாம். ஆனால் கணக்கைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஹைட்ரஜனை அழுத்தாமல் சும்மா விட்டால் ஒரு சின்ன பூஜை அறையையே நிறைத்துவிடும். காரின் டேங்கில் அடங்க, காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்த வேண்டும். நாம் பார்க்கிற சி.என்.ஜி. ஆட்டோவில் 200 மடங்குதான். அழுத்த மின்சாரம், குளிர்விக்க மின்சாரம். அப்புறம் வண்டிக்குள் ஃபியூயல் செல் என்கிற எரிபொருள் மின்கலன் ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்கும்போது பாதிக்குப் பக்கம் வெப்பமாகப் போய்விடும். மிச்சத்தில் கார் 100 கிலோமீட்டர் ஓடும். கொஞ்சம் கூடவும் ஓடலாம். அதே 50 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால் 250 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர், கன்னியாகுமரி 20. இந்த ஓட்டத்துக்கு பேட்டரி பஸ் போதும். ராத்திரி ராணித்தோட்டம் டிப்போவில் பஸ் நிற்கிற நேரத்திலும் முப்பந்தலில் காற்று அடிக்கிறதே!

சரி, ஹைட்ரஜனே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் ஏற்றி சென்னை வரை நிற்காமல் ஓடுகிற லாரிக்கு பேட்டரி பெரிய பாரம். ஹைட்ரஜன் என்றால் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். அங்கே அதற்கு ஒரு இடம் வரலாம். ஆனால் வழியெல்லாம் பங்க் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கோடிகளில் செலவு.

இன்னொன்று, உர ஆலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இன்றைக்கே ஹைட்ரஜனை ஏராளமாகச் செலவழிக்கின்றன, பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்து. அங்கே பேட்டரியால் ஆகிற வேலை எதுவும் இல்லை. காற்றில் பிறக்கிற ஹைட்ரஜன் முதலில் அங்கே போகட்டும். வடசேரி பஸ் நிலையத்துக்கு ஹைட்ரஜன் பங்க் கேட்பதற்கு முன்னால், நாம் சார்ஜர் கேட்போம்.

நன்றி, வணக்கம்.