வலிக்காத கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மார்பில் கட்டி என்று வரும் பெண்களிடம், எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்பேன். பலர் மாதக் கணக்கில் சொல்வார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றால், "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலிக்குத்தான் ஹார்மோன் காரணம்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம்பெண்களுக்கு அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்ற, புற்றல்லாத கட்டி. விரலுக்கு அகப்படாமல் நழுவி ஓடும். நாற்பதை ஒட்டி நீர்க்கட்டிகள் சகஜம். புற்றுக்கட்டி பொதுவாகக் கெட்டியாக, ஓரம் கரடுமுரடாக இருக்கும். ஆனால் வழுவழுப்பான கட்டியும் சில சமயம் புற்றாக இருந்துவிடும். இத்தனை வருஷப் பழக்கம் இருந்தும், விரலை மட்டும் நம்பி நான் முடிவு சொல்வதில்லை.

அதனால்தான் மூன்று கட்டச் சோதனை. முதலில் கையால் பார்ப்பது. இரு மார்பு, அக்குள் எல்லாம் பார்ப்போம். காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிந்திருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்றும் கவனிப்போம். அடுத்து படம். நாற்பதுக்குக் கீழே மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தொடங்குவோம்; அதற்கு மேல் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேரும். ஒன்றை மறக்க வேண்டாம்: கையில் கட்டி தெரிகிறது, மேமோகிராம் சுத்தமாக இருக்கிறது என்றால் விஷயம் முடிந்துவிடவில்லை. சில புற்றுகள் அந்தப் படத்தில் தெரியாது.

மூன்றாவது, ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பேச்சு எப்படியோ வேரூன்றிவிட்டது. ஊசிச் சோதனையால் நோய் முற்றியதாக ஆய்வுகள் காட்டவில்லை. மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவோம். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பதற வேண்டாம். நூல் போல மெல்லிய சதைத் துணுக்கு வரும். புற்றா இல்லையா என்பது அதில் தெரியும். புற்று என்றால், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அதிலேயே சோதிக்கலாம். கையும் படமும் சந்தேகப்பட, ஊசி மட்டும் ஒன்றுமில்லை என்றால், திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

2022-இல் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டியோடு மருத்துவரிடம் போன நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு.

அப்புறம், பால் கொடுக்கும் தாய்மார்கள். பால் கட்டியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுங்கள். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வரும். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம், அவர்களுக்கும் இதே சோதனைகள்தான்.

நன்றி, வணக்கம்.