குதிரை முத்திரையும் கோழிக்கூண்டுக் கதவும்

வணக்கம் நேயர்களே. ஊருக்கு உழைத்த பழைய வண்டிகளில் எது தப்பியது, எது போனது என்பதுதான் இன்றைய பேச்சு. எங்கள் பட்டணம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நான்கு பக்கமும் ரப்பர், இப்போது செம்பனை. திடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரோடு ரோலர் நிற்கிறது. அதில் ஏறி விளையாடாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. முன்பக்கம் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை ஒன்று பதித்திருக்கும். ஏவ்லிங் கம்பெனியின் முத்திரை அது. இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரத்துச் சின்னமும் அதுதான், கம்பெனி தொடங்கிய இடம் அங்கே. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து செய்த நீராவி ரோலர்களைவிட இவர்கள் செய்தவை அதிகம். 1934-இல் பார்ஃபர்டு கம்பெனியோடு சேர்ந்து ஏவ்லிங்-பார்ஃபர்டு ஆனார்கள்.

எங்கள் ரோலர் தப்பியது யாரும் போற்றிப் பாதுகாத்ததால் அல்ல. அந்தக் கனத்தை நகர்த்த எவருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டிக்கு வேறு ராசி. பட்டணங்களில் தீயணைப்பு வேலை முன்பு ஊராட்சி மன்றங்களிடம் இருந்தது, 1976-இல் கூட்டரசு எடுத்துக்கொண்டது. சிவப்புச் சாயம், பித்தளை மணி. பழைய வண்டியானாலும் மெருகேற்றி வாசலில் நிறுத்தத் தோன்றும்.

சரி, குப்பை லோரி எங்கே?

அதன் பின்னால் தொங்கிக்கொண்டு போனவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். என் பெரியப்பாவும் ஒருவர். தோட்டத்தில் பெரட்டு, அதாவது விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் கூட்டம், கலையும் நேரத்தில் அவர் பாதிப் பட்டணத்தை முடித்திருப்பார். கூடையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் லோரியில் கொட்ட வேண்டும். பசியாற உட்காரும்போது வலது கையை உயர்த்த முடியாமல் இடது கையால் தாங்கிக்கொள்வார். இத்தனைக்கும் 1920-களிலேயே இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் ஷெல்வோக் அண்ட் ட்ரூரி என்ற கம்பெனி, சின்னச் சக்கரங்கள் வைத்து, தரையை ஒட்டினாற்போலத் தாழ்வான வண்டி ஒன்றைச் செய்துவிட்டது. கொட்டுகிறவர் அதிகம் தூக்க வேண்டியதில்லை. அந்தக் குப்பை வண்டிகளில் சிலவற்றை அங்குள்ள ஆர்வலர்கள் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். குப்பை வண்டியையா என்று எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

1976-இல் ஊராட்சிச் சட்டம் வந்த பிறகு பட்டணங்களைக் கவனித்த சின்னச் சின்ன டவுன் போர்டுகள் மாவட்ட மன்றங்களுக்குள் போயின. லோரிக் கதவில் இருந்த பழைய பெயர்மேல் புதுச் சாயம் ஏறியது. அப்புறம் ஏலம், இரும்புக் கடை.

பெரியப்பாவின் லோரியும் அந்த வழியே போனது. ஒரு கதவை மட்டும் அவர் கேட்டு வாங்கி வந்து கோழிக்கூண்டுக்கு மாட்டிவிட்டார். போன மாதம் அதைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சைக்கு அடியில் ‘டவுன்’ என்ற சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. மீதியைச் சுரண்டவில்லை. அந்தப் பச்சையும் அதன் கதையில் சேர்த்திதானே.

ரோலருக்குப் பக்கத்தில் அந்தக் கதவை வைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும். பெரியம்மாவின் நிபந்தனை ஒன்றுதான்: முதலில் கோழிக்கு வேறு கதவு செய்து மாட்ட வேண்டுமாம்.

நன்றி, வணக்கம்.