நம்மைப் பார்த்துக்கொண்டவர் படுத்துவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு, அந்தப் பக்கம் கல்யாண், டோம்பிவலி வரை எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒருவர் இருப்பார். நர்ஸ், வார்டு ஆயா, வார்டு பாய், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் டிரைவர், யாராவது ஒருவர். அப்படிப்பட்டவர் பெரிய நோயில் விழுந்தால் பணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

மும்பையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கையில் எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிற குடும்பத்தோடு உட்கார்ந்து, எந்த டிரஸ்டுக்கு எழுதலாம், எந்தத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அங்கே என் மேஜைக்கு எதிரே உட்காரவே கூச்சப்பட்டவர்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கிற எங்கள் ஆட்கள்தான். நேற்றுவரை அடுத்தவருக்குப் படுக்கை விரித்தவர் இன்று தனக்காகக் கேட்க வேண்டும் என்றால் வாய் வராது.

“ஆஸ்பத்திரியிலேயே வேலை, இலவசமாகப் பார்த்துவிடுவார்கள்” என்று வெளியே நினைக்கிறார்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஓரளவு சரி. காண்ட்ராக்டில் இருப்பவருக்கு? சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவருக்கு? உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்புக்குப் பிறகு அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை பல இடங்களில் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. கோவிட் சமயத்தில், 2020 மார்ச்சில், சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு அறிவித்தார்கள். அது உயிர் போனவரின் குடும்பத்துக்கு. பிழைத்து, நுரையீரல் கெட்டு, மூச்சு வாங்க வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் இடமில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

இதே ஊரில், பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையில், நர்ஸ் அருணா ஷான்பாகை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1973 நவம்பரில் வேலை பார்த்த இடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தவர். 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 வருஷம், அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்சுகள். இடையில் அவரை வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தபோது எதிர்த்து நின்றதும் அவர்களே. கூட வேலை செய்கிறவரை விடமாட்டோம் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் எப்போதும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஒரு வழிமுறை வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். தாராவியில் இருக்கிற ஒரு பெண், வார்டு ஆயா. இங்கே ‘மாவுஷி’ என்று கூப்பிடுவார்களே, அந்த வேலை. பெயரும் மருத்துவமனையும் வேண்டாம். முதுகுவலி, முதுகுவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே வார்டில் ஆட்களைத் தூக்கிப் புரட்டியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் முதுகெலும்பில் டிபி, காலில் மரமரப்பு, உடனே ஆபரேஷன். டிபி மருந்து அரசாங்கத்தில் இலவசம். ஆனால் எலும்பில் வைக்கிற திருகு, தண்டு, பெல்ட், ஸ்கேன் எல்லாம் செலவு. கூட வேலை செய்தவர்கள் சம்பள நாளன்று வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது.

நான் முதலில் கேட்டது சம்பளச் சீட்டை. மாதம் 14,000 ரூபாய், அதில் 105 ரூபாய் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள், அந்த அம்மாவுக்கு அட்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது, காண்ட்ராக்டர் சொல்லவில்லை! சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. அதில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. டிபி மாதிரி நீண்டகால நோய்கள் 34 இ.எஸ்.ஐ. பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்று வந்து, இரண்டு வருஷ வேலையும் போதிய சந்தாவும் இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரைகூடக் கிடைக்கும். இன்னொன்று. மருத்துவமனை வேலையில் ஒட்டிக்கொள்ளும் தொற்றுநோய் தொழில்வழி நோய் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் மறுபடி சொல்கிறேன்: உண்டியலைத் தூக்குவதற்கு முன்னால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். உரிமையாக வர வேண்டியதை விட்டுவிட்டு அடுத்தவர் பாக்கெட்டைக் கேட்கக் கூடாது.

சரி, ஆபரேஷனை இ.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டது. அதற்குள் ‘ஆபரேஷனுக்கு’ என்று சொல்லி வாங்கிய பணம் கையில் இருக்கிறது. என்ன செய்வது? வீட்டில் வாடகை நிற்கிறது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவர் வீட்டுக்காரர் வேலையை விட்டிருக்கிறார், பையனுக்குப் பள்ளிக் கட்டணம். அந்தச் செலவுக்கே கொடுத்துவிடலாம் என்றார்கள் இளவட்டங்கள். வசூல் கணக்கு எழுதியவர் எங்கள் லாண்டரியில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர், அண்ணாச்சி என்போம். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஒரு காரியத்துக்குன்னு வாங்கினதை இன்னொண்ணுக்குத் தொடணும்னா கொடுத்தவங்ககிட்ட மறுபடி கேக்கணும்லா.”

கேட்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி நீள நோட்டு வைத்திருந்தார் அவர். டீன் கொடுத்த 5,000 ஒரு வரி, தரை துடைக்கிற பையன் கொடுத்த 50 ஒரு வரி, ஒரே மசி, ஒரே அளவு எழுத்து. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒவ்வொருவரிடமும் போய், “ஆபரேஷன் செலவு தீர்ந்துபோச்சு, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வச்சுக்கலாமா, திருப்பித் தரவா?” என்றார். திருப்பி வாங்கியவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் கஷ்டம்தானே, அதில் தப்பே இல்லை. மற்றவர்கள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கூடவும் கொடுத்தார்கள். ஆபரேஷன் என்றால் பணம் வரும், வாடகை என்றால் வராது என்று சொல்வார்கள். அப்படியில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் வாடகைக்கும் வரும். நோய் நீளும்போது குடும்பத்தை ஒடிப்பது மருத்துவமனை பில் மட்டுமில்லை, அந்த வாடகையும்தான்.

அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அக்கா, என் போட்டோவைப் போட்டுக் கேக்க வேண்டாம். நாளைக்கு நான் இதே வார்டுக்கு வேலைக்கு வரணும்.” நோயாளி படுத்திருக்கிற படத்தை, ரிப்போர்ட்டை, வாட்ஸப்பில் சுற்றவிடுவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். என்ன நோய் என்பதைக்கூட அவர் அனுமதித்த அளவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

நேரம் ஓடிவிட்டது, கை காட்டுகிறார்கள். மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மகாராஷ்டிராவில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கையை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகையிலும் தர வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்ற திட்டம் அது. பில் வருமானத்தில் 2 சதவீதம் ஏழை நோயாளி நிதிக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டு, தாசில்தார் தருகிற வருமானச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். பெரிய தொகை தருகிறவர்கள் மருத்துவமனை பெயரிலேயே செக் போடட்டும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான், தனி ஆளின் கணக்கில் போட்டால் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. பணம் மிஞ்சினால் யாருக்கு என்பதை வசூலின் முதல் நாளே நோட்டில் எழுதிவிடுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சண்டை வரும்.

நன்றி, வணக்கம்.