மலையகத்தில் நடப்போர் அவதி: பெருங்காரணம் பாதையல்ல, நடப்பவரே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் மலையக நகரங்களில் நடந்துபோவோர் படும் அவதிக்குப் பெருங்காரணம் பாதையின் குறையா, நடப்போரின் கவனக்குறைவா? இதுதான் இன்றைய வழக்கு. கவனக்குறைவே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ஹட்டன் பிரதான வீதியில் நடைபாதை ஒடுக்கம் என்றார். இருக்கிற நடைபாதையையும் வியாபாரம் பிடித்துக்கொண்டது என்றார். கானுக்கு, அதாவது வீதியோர வடிகாலுக்கு, மேல் போட்ட கொங்கிரீட் மூடிகள் உடைந்து கிடக்கின்றன என்றார். மூன்றும் உண்மை. கண் தெரியாதவருக்கும், கைத்தடி ஊன்றி வரும் பெரியவருக்கும் உடைந்த மூடி காலை முறிக்கும் பொறி. திருத்த வேண்டியது நகர சபையின் கடமை. அதில் எங்களுக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. ஆனால் வழக்கு, குறை இருக்கிறதா என்பது பற்றியதல்ல. பெருங்காரணம் எது என்பது பற்றியது.

நடுவர் அவர்களே, தோட்டத்துக் குறுக்குப் பாதையை எடுத்துக்கொள்வோம். தேயிலைக்கு நடுவே இரண்டடி அகலம். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். கைப்பிடி கிடையாது, விளக்கு கிடையாது, மழை பெய்தால் செம்மண் வழுக்கும். எதிரணியின் அளவுகோலால் அளந்தால் அதைவிட மோசமான பாதை இந்த நாட்டில் இருக்க முடியாது. காலையில் மலைக்கு ஏறுகிறவர்களும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் பிள்ளைகளும் அங்கேதான் எதிரெதிரே வருகிறார்கள். இடித்துக்கொள்கிறார்களா? இல்லை. ஏனென்றால் அங்கே ஒரு முறை இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

சுமை உள்ளவருக்குச் சுமை இல்லாதவர் ஒதுங்குவார். ஏறுகிறவருக்காக இறங்குகிறவர் நிற்பார். மேலிருந்து வருகிறவருக்குப் பாதை தூரத்திலேயே தெரியும்; ஏறுகிறவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார், நடுவில் நின்றால் மறுபடி காலெடுப்பது கஷ்டம். ஒதுங்குகிறவர் மேட்டுப் பக்கம் முதுகைக் கொடுத்து நிற்பார், பள்ளத்துப் பக்கம் காலை வைக்கமாட்டார். மழையில் ஊறிய ஓரத்தில் அடி மண் அரித்துப்போயிருக்கும், மேலே புல் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், பார்த்தால் கெட்டியாகத் தெரியும், மிதித்தால் சரியும். இன்னொன்று. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருப்பவரால் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் பின்னால் வருகிறவர் நாலு எட்டு தூரத்திலேயே குரல் கொடுப்பார்: "அக்கா, மேட்டுப் பக்கமா வாரேன்." அக்கா நிதானித்துக் காலை ஊன்றிக்கொள்வார். இவர் கடந்துபோவார். எல்லாம் மூன்று விநாடி.

இதே அக்கா, இதே அண்ணன், இதே பிள்ளைகள், சம்பளம் போட்ட கிழமை டவுனுக்கு இறங்குகிறார்கள். இங்கே நாலைந்து அடி நடைபாதை. இரண்டடியில் இடிக்காத தோள் ஐந்தடியில் இடிக்கிறது! பாதை கூடியிருக்கிறது. குறைந்தது எது? அங்கே முன்னால் வருகிறவர் முகத்தைப் பார்த்து நடந்தோம். இங்கே கடைக் கண்ணாடியைப் பார்க்கிறோம், போனைப் பார்க்கிறோம், பக்கத்தில் வருகிறவர் வாயைப் பார்க்கிறோம்.

நடைபாதை வியாபாரிகளைச் சொன்னீர்கள். அளந்தே பேசுவோம். மரக்கறி விற்கிற அம்மா சுவரோரமாகச் சாக்கை விரித்தால் இரண்டடி போகும். மிச்சம் இருப்பதில் ஒருவர் தாராளமாக நடக்கலாம். அங்கே சாமான் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? பாதைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பையை அகலமாகத் தொங்கவிடுகிறார். கூட வந்தவர் அவருக்குப் பின்னால் நின்று விலை கேட்கிறார். பாதை அடைபட்டது, வருகிறவரெல்லாம் வீதியில் இறங்குகிறார்கள். வியாபாரத்தை அகற்று என்கிறீர்கள். அதற்கு முன், வாங்குகிறவர் சுவரோரமாக நெருங்கிப் பக்கவாட்டில் நின்று, பையைக் காலடியில் வைத்து, கூட வந்தவரை அந்தப் பக்கம் கடந்து நிற்கச் சொல்லட்டும். பாதி வழி அப்போதே திறந்துவிடும். ஒரு சதம் செலவில்லை, யாருடைய வயிற்றிலும் அடிக்கத் தேவையில்லை.

போனைப் பற்றி நிறையப் பேச வேண்டாம், ஒரு கணக்கு போதும். சாதாரண நடையில் ஒரு விநாடிக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல் போகிறோம். ஒரு குறுஞ்செய்தியை வாசிக்க நாலு விநாடி என்றால், கண்ணில்லாமல் ஐந்து மீற்றர் நடந்திருக்கிறோம். உடைந்த கான் மூடி அந்த ஐந்து மீற்றருக்குள் இருந்தால் யாரைக் குற்றம் சொல்வது? அழைப்பு வந்தால் கடைப் படிக்கு ஒதுங்குங்கள், சுவரோரம் நின்று பேசி முடியுங்கள், நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பாதைக்குத் திரும்புங்கள். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? அவர் கையில் பிள்ளை இருக்கலாம், தலையில் மூட்டை இருக்கலாம்.

குடைக்கு வருகிறேன். தென்மேல் பருவம் தொடங்கினால் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைச்சரிவில் குடை இல்லாமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. ஆகவே இது எங்கள் ஊர் வழக்கின் நடுப்பகுதி. விரித்த குடை ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம். அதைப் பிடித்திருக்கும் ஆளின் தோள் அரை மீற்றர்கூட இல்லை. குடையை விரித்த உடனே நீங்கள் இரண்டு ஆளாகிவிட்டீர்கள் என்ற நினைப்பு வர வேண்டும். எதிரே ஒரு குடை வந்தால் உயரமானவர் தன் குடையைத் தூக்க வேண்டும், குள்ளமானவர் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் ஒன்று போய்விடும். இருவரும் ஒரே உயரம் என்றால் இருவரும் வெளிப்பக்கம் சாய்த்தால் நடுவில் இடம் கிடைக்கும், தண்ணீரும் எதிராளி மேல் வடியாது. குடைக் கம்பியின் நுனி சரியாக எதிரே வருகிறவரின் கண் மட்டத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் குடை என்றால் பெரியவரின் கழுத்து மட்டத்தில். கம்பி நுனியின் தொப்பி கழன்ற குடையைத் தைத்துக்கொள்ளாமல் டவுனுக்குக் கொண்டுவருவது, வெறும் கம்பியைப் பிறர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வருவதுதான்.

காற்றோடு மழை அடிக்கும்போது எல்லோரும் குடையை முன்னால் சரித்துக்கொள்கிறோம். அப்போது தெரிவது நம் கால் மட்டும்தான். அந்த நேரத்தில் நடையைப் பாதியாகக் குறைத்து, எதிரே வருகிறவரின் காலைப் பார்த்தாவது ஒதுங்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்: நனைகிறோம் என்று வேகத்தைக் கூட்டுகிறோம். கடைவாசலுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று குடையை மடக்கி உதறுகிறோம், பின்னால் நாலு பேர் மழையில் நிற்கிறார்கள். இரண்டு எட்டு உள்ளே போய் ஓரமாக மடக்கினால் என்ன? பஸ் மிதிபலகையில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்று மடக்குகிறவரும் இதே தவறைத்தான் செய்கிறார். வரிசையில் தனக்கு முன் இரண்டு பேர் இருக்கும்போதே மடக்கிவிட வேண்டும்.

சிவனொளிபாதமலையைப் பாருங்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம், உயரம் 2243 மீற்றர், நல்லதண்ணி வழியில் 5000க்கு மேல் படிகள். விடுமுறை இரவுகளில் உச்சிக்கு அருகே வரிசை நகராமல் நிற்கும். படி ஒடுக்கம் என்று எதிரணி சொல்லும். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், நெரிசல் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கூட்டம் நடுப்படியில் நின்று பின்னால் வரும் தன் ஆட்களுக்காகக் காத்திருக்கும், அல்லது படமெடுத்துக்கொண்டிருக்கும். இளைப்பாற வேண்டுமென்றால் படி அகலும் இடத்தில், தேநீர்க் கடைப் பக்கம், ஓரமாக உட்கார வேண்டும். கைப்பிடிக் கம்பியை இறங்குகிற முதியவர்களுக்கு விட வேண்டும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. அதே மலையில் ஏறுவோரும் இறங்குவோரும் "கருணாவாய்" என்று ஒருவரையொருவர் வாழ்த்திப் போகும் பழைய வழக்கம் இருக்கிறது. வாழ்த்த வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தவர் இடிக்கமாட்டார்.

நடைபாதையே இல்லாத மலைவீதிக்கு வருவோம். வாகனம் இடப்பக்கம் ஓடும் நாடு இது. ஆகவே நாம் வலப்பக்கம், வருகிற வாகனத்தைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது, வீதி வளையும் முடக்கில் என்ன செய்வது என்பது. வீதி வலப்பக்கம் வளைந்தால் நாம் வளைவின் உள்பக்கத்தில் மாட்டிக்கொள்வோம். மண்திட்டு மறைத்து நிற்கும், வருகிறவருக்கு நாம் தெரியமாட்டோம், ஒதுங்கவும் இடம் இருக்காது. முடக்குக்கு நன்றாக முன்னாலேயே மறுபக்கம் கடந்து, தாண்டியபின் திரும்ப வேண்டும். பிள்ளையைக் கூட்டிப் போனால் பிள்ளை வீதிக்கு எதிர்ப்பக்கம், நாம் வீதிப் பக்கம். பனிமூட்டத்தில் கறுப்புக் குடையும் கறுப்பு ஜேர்கினும் வேண்டாம், வெளிர் நிறம் போடுங்கள். டோர்ச் வெளிச்சம் தரையில் விழட்டும், எதிராளி முகத்தில் அல்ல. பனியில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். முடக்கில் சாரதி அடிக்கும் ஹோர்னைக் கேட்கத்தானே அது? அந்தக் காதையும் இயர்போனால் அடைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

ரயில் பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு அதை முடிக்கலாம். ஒரு காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. ஏற்றத்தில் வரும் ரயில் இரைந்து வரும், தூரத்திலேயே கேட்கும். இறக்கத்தில் வரும் ரயிலின் இயந்திரத்துக்கு அதிக வேலை இல்லை, சத்தம் குறைவு. இரண்டையும் ஒரே மாதிரி எதிர்பார்த்து, வளைவில் படமெடுக்க நிற்பவர் ஏமாந்துபோவார்.

கடைசியாக பஸ். பிற்பகல் 1:30க்குப் பள்ளிக்கூடம் விட்டதும் எந்த மலையக டவுனிலும் இதைப் பார்க்கலாம். பிள்ளைகள் இறங்குகிறார்கள், நின்ற பஸ்ஸின் முன்பக்கமாகவே வீதியைக் கடக்க ஓடுகிறார்கள். பஸ்ஸின் உடம்பு பிள்ளையை முழுதாக மறைக்கிறது. பஸ்ஸை முந்திவரும் வாகனத்துக்கும் பிள்ளைக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடும். நனைந்த இறக்கத்தில், சாரதி கண்டு பிரேக்கை மிதித்து வண்டி நிற்பதற்குள் 30 மீற்றருக்கு மேல் போய்விடும். செய்ய வேண்டியது ஒன்றே: இறங்கியதும் ஓரத்தில் நின்று, பஸ்ஸைப் போகவிட்டு, கடவைக்கு நடந்து போய், ஒரு கால் வைக்கும் முன் சாரதி நம்மைக் கண்டுகொண்டாரா என்று பார்த்துக் கடப்பது. கூடிப்போனால் ஒரு நிமிடம் தாமதமாகும். அதைப் பிள்ளைக்குக் காட்டித்தர வேண்டிய பெரியவர்கள்தான் முதல் ஆளாகப் பஸ்ஸின் முன்னால் ஓடுகிறோம், பிள்ளையின் கையையும் இழுத்துக்கொண்டு!

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து வரும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். பஸ்ஸுக்கு முன்னால் ஓடுகிற அந்தப் பெரியவருக்கு எத்தனை அடி நடைபாதை போட்டுக் கொடுத்தால் நின்று பார்த்துக் கடப்பார்? நன்றி, வணக்கம்.