'எவனோடயோ போயிட்டா'

(முக்கூடலில், பீடி சுற்றும் பெண்களிடையே பேசியது)

அக்காமாரே, மதினிமாரே,

மடியில் சொளவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றிக்கொண்டே கேளுங்கள். இதுவும் பீடி சுற்றுகிற சீமையில் நடந்ததுதான். மங்களூரை ஒட்டிய தென்கன்னட கிராமங்கள்.

அங்கே மோகன் குமார் என்று ஒருவன், ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவன். வரதட்சணைக்கு வழியில்லாமல் கல்யாணம் தட்டிப்போன பெண்களாகப் பார்த்துப் பழகுவான். வரதட்சணையே வேண்டாம் என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வருஷம் காத்திருந்திருப்பாள் அவள்! இருக்கிற நகையைப் போட்டுக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவாள்.

வெளியூர் லாட்ஜில் ஒரு ராத்திரி. விடிந்ததும் நகையைக் கழற்றி அறையிலேயே வைக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவருவான். கர்ப்பம் தங்காமலிருக்க என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து, கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்வான். அது சயனைடு.

உள்ளே தாழ்ப்பாள் போட்டது அவள் கை. கதவை உடைத்தால் பட்டுப்புடவையோடு கிடப்பாள், உடம்பில் பொட்டுத் தங்கம் இருக்காது. உள்தாழ்ப்பாளைப் பார்த்துத் தற்கொலை என்று எழுதினார்கள். மைசூர், மடிக்கேரி என்று ஊர் மாறிக்கொண்டே இருந்ததால் ஒன்றோடொன்றை யாரும் கோத்துப் பார்க்கவில்லை. இப்படி 20 பெண்கள். இருபது!

வீட்டில் தேடவில்லையா என்பீர்கள். பல வீடுகளில் 'எவனோடயோ போயிட்டா' என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த வெட்கம்தான் அவனுக்குக் காவல் நின்றது. 2009-ல் ஒரு பெண்ணின் ஊர்க்காரர்கள் விடாமல் போலீசை நெருக்கினார்கள். அவள் பேசிய செல்போன் எண்ணைத் தொடர்ந்தால், அது காணாமல்போன இன்னொரு பெண்ணுடையது! அங்கிருந்துதான் நூல் கிடைத்தது.

கோர்ட்டில் தனக்குத் தானே வாதாடினான். அவன் மாத்திரையை வாயில் வைத்தும் பிழைத்த ஒரு பெண் எதிரில் நின்று சாட்சி சொன்னார். அந்த மகராசியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. 2013 டிசம்பரில் மங்களூர் கோர்ட் மரண தண்டனை விதித்தது; இருபதாவது வழக்கின் தீர்ப்பு 2020-ல்தான் வந்தது.

எங்கள் தெருவிலும் ஒரு அக்கா போனாள். அவள் பீடி இலை வெட்டிய கத்தரியைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். எங்கே போனாள் என்று அவள் அம்மாவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. எங்கேயாவது பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கணும் அவள்.

பிள்ளையைக் காணோம் என்றால் அன்றைக்கே போங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்; 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது எழுத்தாகவே இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், நடுராத்திரி என்றாலும் எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன்.